கூட வந்தவர்

"கூட யாரும்மா வந்திருக்கா?"

"யாரும் இல்ல."

"ரிசல்ட் வாங்க வரும்போது ஒரு ஆளோட வாங்கன்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

நர்ஸின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. கண்டக்டரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு பஸ் கூட்டத்தையே ஒரு விசிலில் அடக்குகிறவள் அவள். இங்கே என்னடாவென்றால், தன்னைவிடச் சின்னவள் ஒருத்தி அதட்டுகிறாள்.

"புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாச்சு. ஒரே பையன், அவனும் வெளிநாட்டுல. கூப்பிட வேற நாதி இல்ல, போதுமா?"

நர்ஸ் சீட்டில் 'கூட வந்தவர்' என்ற இடத்தில் என்னவோ கிறுக்கினாள். ஃபைலை எடுத்து அடுக்கின் அடியில் சொருகினாள்.

"உட்காருங்க. கூப்பிடுவாங்க."

மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிப் பத்து நாளாகிறது. பத்து நாளாகக் கண்டக்டரம்மாவுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

அவள் டோக்கன் ஐந்து. ஆறு உள்ளே போனது. ஏழு போனது. ஒன்பதும் போனது.

"ஏம்மா, இது எந்த ஊர்க் கணக்கு? என் பஸ்ல இப்படி ஏத்தினா சட்டையைப் பிடிச்சுடுவாங்க!"

"கொஞ்சம் பொறுங்க" என்ற நர்ஸ், அவளைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஓடத் துடிக்கிறாள்! போகிற போக்கில், எதிர்த்துப் பேசியதற்குப் பழியும் வாங்குகிறாள். கண்டக்டரம்மாவுக்கு வயிறு எரிந்தது.

இரண்டு மணி. ஹாலில் வேறு யாரும் இல்லை. அடுத்த நர்ஸ் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், இவள் ஃபைலை அவளிடம் தள்ளிவிட்டு விறுவிறுவென்று உள்பக்கம் போய்விட்டாள்.

'ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?'

"அஞ்சாம் நம்பர், உள்ள போங்க."

டாக்டர் தன் போனை அணைத்து டிராயருக்குள் போட்டார். அதைப் பார்த்ததுமே கண்டக்டரம்மாவுக்குக் கை ஜில்லிட்டது. எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்ததுதான் அவளை என்னவோ செய்தது.

டாக்டர் சீட்டைப் புரட்டினார். "கூட ஆள் வந்திருக்கிறதா எழுதியிருக்கே. எங்க அவங்க?"

"தப்பா எழுதியிருப்பாங்க டாக்டர். நான் தனியாத்தான்..."

கதவு திறந்தது. யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு, தோளில் பையோடு அந்த நர்ஸ். பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "நான் கூட இருக்கலாமாக்கா?" என்றாள் மெதுவாக.

கண்டக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜில்லிட்ட அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நர்ஸ் சொன்னாள்: "டூட்டி நேரத்துல இப்படி வந்து உட்கார முடியாது டாக்டர். அதான் அக்காவை ரெண்டு மணி வரைக்கும் காக்க வெச்சுட்டேன். இப்ப சொல்லுங்க."