பூஜ்ஜியம் மில்லிமீட்டர்

"யாருக்குக் காது குத்துறே தம்பி? சுவரு பொளந்து கிடக்கு, கதவு சாத்த மாட்டேங்குது, நீ என்னடான்னா இந்த வாரமும் பூஜ்ஜியம்னு எழுதி வெச்சிருக்கே."

ரோஸ்லின் போட்ட சத்தத்தில், சைட் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் டம்ளரோடு நழுவிவிட்டார்கள். இன்ஜினியர் நந்தகுமாருக்கு மட்டும் நழுவ வழியில்லை. கோயம்புத்தூர்ப் பையன். ஹைதராபாத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கொண்டாப்பூர் வெறும் பாறையும் முள்ளுமாகக் கிடந்த காலத்தில், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்ற ரோஸ்லினின் மாமனார் சூசைராஜ் கட்டிய வீடு அது. முப்பது வருஷமாக ஒரு கீறல் விழவில்லை. பக்கத்து மனையில் நாற்பது மாடிக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் பள்ளத்தை ஒட்டிய அறையின் சுவரில் ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அந்த அறையில் படுத்துக்கொண்டிருந்த மகள் வர்ஷினியின் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டு இரண்டு மாதமாகிறது. இதில் கார் நிறுத்த இன்னும் இரண்டு தளம் கீழே போகப் போகிறார்களாம்.

"வீடு பத்து மில்லிமீட்டர் இறங்கினா வேலையை நிறுத்திடுவோம்னு கார்ப்பரேஷனுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்களா இல்லியா?"

"குடுத்திருக்கோங்க்கா."

"அப்புறம்?"

"இறங்கலீங்களே." அவன் ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பினான். "வாராவாரம் மெஷின் வெச்சு அளக்கறோம். பள்ளத்தைப் பார்த்த உங்க சுவத்துல ரெண்டு புள்ளி. எட்டு மாசமா ரெண்டுமே பூஜ்ஜியம். நானா எழுதறதில்லீங்க, மெஷின் சொல்றதுதான்."

"உன் புக்கு எனக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம். அந்த மெஷினை வந்து எங்க வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்லு."

பையன் ரிஜிஸ்டரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினான். அதுதான் ரோஸ்லினுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திருட்டு முழி முழித்தால் நாலு வார்த்தை கேட்கலாம். இவன் பால் வடியும் முகத்தோடு பொய்க்கணக்கை நீட்டுகிறான்.

ரோஸ்லின் கார்ப்பரேஷனுக்கு மூன்று முறை புகார் எழுதிப் போட்டிருந்தாள். மூன்று முறையும் 'அளவுகளின்படி அசைவு ஏதுமில்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. நாலாவது புகாருக்குத்தான் அதிகாரி ஸ்ரீலேகா நேரிலேயே வருவதாகச் சொல்லியிருந்தாள். இன்றைக்கும் பூஜ்ஜியம் என்றால் ஃபைலை மூடிவிடுவேன் என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

பதினோரு மணிக்கு ஸ்ரீலேகா வந்தாள். வீட்டுக்குள் போய் வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தாள். கதவைச் சாத்திப் பார்த்தாள், சாத்த முடியவில்லை. வாசலுக்கு வந்து, காத்திருந்த நந்தகுமாரிடம் ரிஜிஸ்டரை வாங்கினாள்.

"இந்த வீடு பூஜ்ஜியம், சரி. தெருவில மத்த வீடெல்லாம்?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"எங்கயும் பிரச்சினை இல்லீங்க மேடம். எல்லாமே பச்சைதான்." அவனும் தட்டுத் தடுமாறித் தெலுங்கில் சொன்னான். ஏதாவது இறங்கினால்தான் அவன் கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டும்.

ஸ்ரீலேகாவின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. "எதிர்வீடு பிளஸ் பன்னிரண்டு. அதுக்கு அடுத்தது பிளஸ் பன்னிரண்டு. தெருக்கோடி வீடும் அதேதான். இதெல்லாம் என்ன?"

"அதெல்லாம் ஏறியிருக்குங்க மேடம்." சொன்ன பிறகுதான் அவன் குரல் தேய்ந்தது.

ரோஸ்லினுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. "ஹவ் ஹவ், ஆமாமா, ஊர்ல இருக்கற வீடெல்லாம் கீரைத்தண்டு மாதிரி வளருது, எங்க வீடு மட்டும் அப்படியே நிக்குது. நல்லாக் கேளுங்க மேடம்."

ஸ்ரீலேகா சிரிக்கவில்லை. "பள்ளம் தோண்டினா தெரு எப்படிப்பா மேல ஏறும்? அசையாத ஒரு இடத்தை வெச்சுத்தானே மத்ததெல்லாம் ஏறுச்சா இறங்குச்சான்னு சொல்றே. அந்த இடம் எது?"

ரோஸ்லின் நின்றுகொண்டிருந்த வாசற்படியில், அவள் காலுக்குப் பக்கத்தில் அடித்திருந்த பித்தளை ஆணியை நந்தகுமார் காட்டினான்.

ஸ்ரீலேகா ஆணியைப் பார்த்தாள். பதினைந்தடி தள்ளியிருந்த பள்ளத்தைப் பார்த்தாள். "அப்போ தெரு ஏறல. இந்தப் படி இறங்கியிருக்கு. படியோட சேர்ந்து வீடும் பன்னிரண்டு மில்லி இறங்கியிருக்கு. ரெண்டும் ஒண்ணா இறங்கினா உன் மெஷின் பூஜ்ஜியம்னுதான் காட்டும்." ரிஜிஸ்டரை மூடினாள். "வேலையை இப்பவே நிறுத்து."

ரோஸ்லினுக்கு எட்டு மாதக் கோபமும் ஒன்றாகத் தலைக்கு ஏறியது.

"நாங்க இறங்கறோமான்னு பார்க்க எங்க படியிலேர்ந்தேவா அளப்பாங்க? எம்பொண்ணு மேல சுவரு விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? போயும் போயும் பள்ளத்துக்குப் பக்கத்து வீட்டுல இந்த ஆணியை அடிக்கச் சொன்ன மடையன் யாரு? மேடம் முன்னாடியே பேரைச் சொல்லு."

நந்தகுமார் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாங்க மெயின் ரோட்டுப் பக்கம் அடிக்கத்தான் போனோங்க்கா. நீங்கதான் கூப்பிட்டு, காபி குடுத்து, 'எங்க மாமனார் பாறை மேல கட்டின வீடு, தெருவே அசைஞ்சாலும் இது அசையாது, இங்கயே அடிச்சுக்கோ'ன்னு சொன்னீங்க."