முள்ளம்பன்றியும் ஊற்றுப் படலும்

காட்டு ஊற்றை நரியிடம் குத்தகைக்கு விட்ட நாள் முதல், பழம் கொண்டுவந்தவர்களுக்கு மட்டும்தான் தண்ணீர். ஊற்று வாசலை அடைத்து ஒரு மூங்கில் படல், காவலுக்கு ஓர் உடும்பு. கோடையில் ஒரு மான்குட்டி தாகத்தில் செத்தது. பொறுக்கமாட்டாத விலங்குகள் ஒன்றுகூடி நரியை விரட்டி, ஊற்றை மீட்டன.

மறுநாள் முள்ளம்பன்றி நா வறண்டு வந்தாள். வாசலில் அதே மூங்கில் படல். காவலுக்கு அதே உடும்பு.

"நேற்றுவரைக்கும் நரிக்குக் காவல் நின்றவன்தானே நீ?"

"இப்போ நம்ம எல்லாருக்கும் நிக்கிறேன் அக்கா. பழமெல்லாம் வேண்டாம், உள்ளே போங்க."

"அப்போ படல் எதுக்கு?"

உடும்பு திரும்பிப் படலைப் பார்த்தான். "எப்பவும் இருக்கிறதுதானே..."

அவள் மூங்கிலைக் கடிக்கத் தொடங்கினாள். ஈறில் ரத்தம் கசிந்தும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த உடும்பு, மறுமுனையைப் பிடித்து இழுத்தான். படல் சாய்ந்தது.

அதற்குப் பிறகே அவள் குனிந்து தண்ணீர் குடித்தாள். அப்போதும் ஒரு கண் உடும்பின் மேலேயே இருந்தது.