நாலு தலைவாழை இலை

"தோ, வந்துட்டான் பாரு!"

ரத்னா ஜன்னலிலிருந்தே புருஷனைக் கூப்பிட்டாள்.

ஒரகடத்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பக்கத்து போர்ஷன் வனமாமலை, வழக்கம்போல் கையில் இலைக்கட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"டெய்லி நாலு தலைவாழ இலை! துணி தொவைக்கிறது அவன், தண்ணி புடிக்கிறது அவன். பொண்டாட்டிக்காரி வெளிய தலை காட்டுறதில்ல. வாரம் ஒரு தபா ஆட்டோல சவாரி வேற. கன்னம் பூரி மாரி உப்பிகீது. நீயும்தான் கீறியே! எனக்குன்னு ஒரு இலை வாங்கினு வந்திருப்பியா?"

அவள் புருஷன் சின்னப்பையன் செல்போனிலிருந்து நிமிரவில்லை.

"நாங்கல்லாம் கேன்டீன்ல தட்டுலதான் துன்றோம். போவியா..."

ரத்னாவுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே இலைக்கடைக்குப் போய் நின்றாள்.

"மிச்சம் இருக்கிறதே இந்த நாலுதான். அந்தத் தம்பிக்கு எடுத்து வெச்சதும்மா" என்றாள் கடைக்கார அம்சவல்லி.

"இலைல அவன் பேரு எழுதிகீதா? குடு!"

வீட்டில் கோழிக்குழம்பு. அவள், புருஷன், இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கும் தலைவாழை இலை. சோறு போட்டுக் குழம்பும் ஊற்றி முடித்த நேரம், யாரோ கதவைத் தட்டினார்கள்.

வனமாமலை. சட்டையெல்லாம் வியர்வை.

"அக்கா, கடையில நீங்க வாங்குனதா சொன்னாங்க. ஒரகடம் வரைக்கும் திரும்பப் போய்ப் பாத்துட்டேன், கெடைக்கல. ஒரு இலை தருவீங்களா?"

ரத்னாவுக்குக் குளுகுளுவென்றிருந்தது.

"இன்னா தம்பி, ஒரு நாளு தட்டுல துன்னா உன் பொண்டாட்டி கொறைஞ்சிடுவாளா?"

"சாப்பிட இல்லக்கா. அவ படுக்க."

"இன்னாது?"

"கவிப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் கொப்புளம்க்கா. லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வருமாம். உடம்பே தன் தோலை எதிரின்னு நெனைச்சு அழிக்குதாம். ஒட்டுவாரொட்டி இல்லக்கா, பயப்படாதீங்க. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். மாத்திரையில மூஞ்சி வேற வீங்கிட்டு."

ரத்னா கதவை முழுசாகத் திறந்தாள்.

"புண்ணுல பாய் பட்டாலும் துணி பட்டாலும் ஒட்டிக்கிடும். பிச்சா தோலோட வரும். வாழை இலைதான் ஒட்டாது. நேத்து போட்டதெல்லாம் காஞ்சி கிழிஞ்சிட்டு. மத்தியானத்துலருந்து நின்னுக்கிட்டே இருக்காக்கா. ஒண்ணே ஒண்ணு போதும்."

ரத்னா திரும்பிப் பார்த்தாள்.

நாலு இலையிலும் குழம்பு ஓடிக்கொண்டிருந்தது.