கணக்கை மூடுங்கப்பா

"அப்பா, அந்தக் கணக்கை மூடுங்க. நாம புது ஆப்புக்குப் போயிடலாம்."

வேலை முடிந்து வந்த மகள் இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அப்பா தலையைப் படிய வாரிக்கொண்டு, ஜன்னல் விளிம்பில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். வாஷிங் மெஷின் மெக்கானிக். ஆனால் பாட்டுதான் உயிர். சாயந்திரம் வீடு திரும்பியதும் ஒரு பாட்டாவது பாடி அந்தக் கணக்கில் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"எதுக்கும்மா? இங்கேயே நல்லாத்தானே போகுது?"

"ஒரே விளம்பரத் தொல்லைப்பா."

"விளம்பரம் வர்றப்ப நான் தண்ணி குடிச்சுக்கறேன்."

"நம்ம விவரத்தையெல்லாம் திருடறாங்களாம்."

"என்கிட்ட திருட என்ன இருக்கு? வேணும்னா உங்கம்மா குறட்டையை எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரியிலேருந்து இதே பல்லவி. அப்பா பாடறது மானக்கேடா இருக்குன்னு நேராவே சொல்லேண்டி. வேலைக்குப் போய் நாலு பேரைப் பார்த்ததும் பெத்தவன் கசந்துட்டானா?"

மகள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். முந்தின நாள் மதியம் சாப்பிடும்போது கூட வேலை செய்கிறவள் செல்போனை நீட்டினாள்.

"இந்த அங்கிளைப் பாரேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது."

அப்பா!

உச்சத்துக்குப் போய் அவர் கண்ணை மூடுகிற இடத்தை மட்டும் வெட்டி, குக்கர் விசிலோடு ஒட்டியிருந்தார்கள். 'குக்கர் அங்கிள்' என்று பட்டப்பெயர் வேறு. கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள்.

மேஜையே சிரித்தது. 'அது எங்கப்பா' என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

அப்போது பிடித்தது பதற்றம். நின்றால் நிலையில்லை, உட்கார்ந்தால் இருப்பில்லை. ரத்தக் குப்பியில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டப் போய் மேலாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். இதை அப்பா பார்த்துவிட்டால்? அதற்கப்புறம் அவர் வாயைத் திறப்பாரா?

"புது ஆப்புல கூட்டம் கம்மிப்பா. நிம்மதியாப் பாடலாம். சித்தியையும் பெரியப்பா வீட்டையும் நானே அங்கே கூட்டிட்டு வந்துடறேன்."

அப்பா ஜன்னலிலிருந்து செல்போனைக் கையில் எடுத்தார்.

"நான் வந்தா, நீயும் பழசை மூடிடுவியா?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"ம்… மூடிடறேன்."

"சும்மா எட்டிப் பார்க்கக்கூட உள்ளே போகக் கூடாது."

"போக மாட்டேன்ப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப வா, உட்காரு. ரெண்டு பேரும் சேர்ந்தே மூடுவோம்."

அத்தனை பிடிவாதமும் எங்கே போனதென்று தெரியவில்லை. மளமளவென்று தன் கணக்கை மூடினார். பிறகு அவளுடைய செல்போனை வாங்கி, அதிலும் கணக்கு போய்விட்டதா என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. முகம் கழுவப் போனவள், துண்டை எடுக்கத் திரும்பி வந்தாள். அடுப்படியில் அம்மாவின் குரல் கேட்டது.

"அவ சொன்னான்னு உடனே மூடிட்டீங்களே. எத்தனை பேர் உங்க பாட்டைக் கேட்டுக்கிட்டிருந்தாங்க!"

"மெதுவாப் பேசு," என்றார் அப்பா. "அவங்க என்னை வச்சுச் சிரிக்கறது எனக்கு எப்பவோ தெரியும். நான் மட்டும் மூடினா, ஏன்னு தேடிப் பார்ப்பாளேன்னுதான் விடாம பாடிக்கிட்டிருந்தேன். நல்லவேளை, புள்ள கண்ணுல படறதுக்குள்ள அவளே வெளியே வந்துட்டா."