லட்சம் வருடக் கல்

லட்சம் வருடம் கழித்துப் பிறக்கப்போகிறவர்களின் உயிரைக் காக்க வந்த கல் இது. அணு உலைக் கழிவைப் புதைத்த சுரங்கத்தின் வாசலில், மொட்டை வெயிலில், கல்தச்சர் அதில் அமைச்சர், இணை அமைச்சர் பெயர்களை முடித்துவிட்டு அணுசக்தி வாரியத் தலைவருக்குத் தாவுகிறார். கல்தூள் நாக்கில் கசக்கிறது, காறித் துப்புகிறார். “மேஸ்திரி, வாரியத் தலைவரோட டாக்டர் பட்டத்தை விட்டுட்டியேய்யா!” குடை நிழலிலிருந்து அதிகாரி அலறுகிறார். “அதையும் போட்டா, ‘தோண்டாதே, செத்துப்போவே’ன்னு எங்க சார் வெட்டறது? ஏழு நாட்டு நிபுணருங்க ஒன்பது வருஷம் மண்டைய உடைச்சு எழுதினதாச்சே!” “அதப் பின்னாடி வெட்டுய்யா. நாளைக்குத் திறப்பு விழா போட்டோவுல முன்பக்கம்தானே விழும்?” “எவன் பெத்த புள்ள வந்து தோண்டுமோ” என்று முனகியபடி கல்தச்சர் கல்லைப் புரட்டுகிறார். சாயங்காலம் அந்தப் பின்பக்கத்தில்தான் சிமென்ட் பூசிச் சுவரில் பதிப்பார்கள்.