லேபிளில் வந்த வயது

மூளையில் கட்டி மறுபடி வந்த பதினாறு வயதுப் பெண்ணுக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ மருந்து கலப்பவர் ஆஸ்பத்திரி மருந்தாளர்தான். எண் விஷயத்தில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காதவர். முதல் மருந்துப் பைக்கு அச்சாகி வந்த லேபிளில் வயது 29 என்றிருந்தது. அடித்துவிட்டு 16 என்று எழுதினார். அடுத்ததில் 47. அதையும் அடித்தார். லேபிள் மெஷினைப் பார்க்க வந்தவர், "மத்தவங்களுக்கெல்லாம் சரியாத்தானே வருது?" என்று கையை விரித்துவிட்டார்.

கடைசிப் பைக்கு 81 வந்தது. உடனிருப்பவர் என்ற இடத்தில் இதுவரை 'அம்மா' என்றுதான் வந்தது. இன்று 'பேத்தி' என்று வந்திருந்தது.

பேனாவை எடுத்தார். கவுன்ட்டர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்ற பெண்ணின் அம்மா எட்டிப் படித்தாள்.

"அடிக்காதீங்க சார்," என்றாள். "அப்படியே ஒட்டுங்க."