கிழமை இல்லாத பட்டியல்

“கிழமை எங்கன இருக்கு தாயி?” என்று முனியராஜ் கேட்டபோது, எழில் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

காலையிலிருந்து அவள் விபத்துக்கும் வெயிலுக்கும் தொடர்பு தேடி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷத்துப் பட்டாசு விபத்துகளின் பட்டியலை அரசாங்கம் இணையத்தில் போட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் பாருங்கள், அடுத்த விபத்தைத் தடுக்க வழி சொல்லுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக விருதுநகரில் ஒரு கல்லூரி மண்டபத்தில் கூட்டமும் கூட்டியிருந்தது. குழுவுக்கு மூன்று பேர். அதில் ஒருவர் பட்டாசு வேலை பார்த்தவராக இருக்க வேண்டும் என்பது விதி.

அந்த விதியின் புண்ணியத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் முனியராஜ். இருபது வருஷம் வெடிமருந்து கலந்தவர். வந்ததிலிருந்து இரண்டு டீயும் நான்கு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வேறு எதற்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை.

பட்டியலில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, அன்றைய வெயில்கூட இருந்தது. கிழமையை மட்டும் யாரும் எழுதவில்லை.

பெரியவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டாரே என்றுதான் எழில் அதைச் சேர்த்தாள். தேதியைக் கொடுத்தால் கிழமையைச் சொல்வது கணினிக்கு ஒரு வேலையே இல்லை.

திரையில் ஏழு கம்பங்கள் எழுந்தன. ஆறு குட்டை. திங்கட்கிழமை மட்டும் நெட்டையாக நின்றது.

பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். குழுவின் மூன்றாவது ஆளான செல்வக்குமார், திருத்தங்கல் அச்சகத்தில் டிசைன் போடுகிறவன், வாயைப் பிளந்தான்.

“சனிக்கெழம மிஞ்சுன மருந்த அழிக்காம மூடி வச்சிருவாக. ஞாயிறு லீவு. ஈரம் ஏறி உள்ளுக்குள்ள சூடாகிக் கெடக்கும். திங்கக்கெழம ஒருத்தன் போயி மூடியத் தொறப்பான். அம்புட்டுத்தான்” என்றார் முனியராஜ்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மருந்து கலக்குகிற அத்தனை பேரின் போனும் அடிக்க வேண்டும், மிச்சத்தை அழித்தாயிற்றா என்று கேட்க வேண்டும் என்று செல்வக்குமார் ஒரே மூச்சில் திட்டம் போட்டான். எழில் அதைக் கேட்க அங்கே இல்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடியிருந்தாள்.

அவள் அம்மா வள்ளித்தாய்க்கு ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலை. விடிந்தால் திங்கட்கிழமை.

திரும்பி வந்தவளின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“அரை டப்பா மருந்து மிச்சம் இருக்காம் பெரியப்பா. அம்மா வேலை பாக்குற ரூமுக்கு அடுத்த ரூம்ல.”

கூட்டத்துக்கு வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி அங்கிருந்தே கம்பெனிக்கு போன் போட்டார். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. போர்மேன் போய் அறையைத் திறக்காமலே பூட்டுப் போட்டுக் காவலும் வைத்துவிட்டார். நாளைக்கு யாருக்கும் வேலை கிடையாது. முறைப்படி ஆள் வந்து அழித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மண்டபமே எழுந்து கைதட்டியது. எழில் அழுதுகொண்டே முனியராஜைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவருக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. பட்டியலை பீரோவில் வைத்துப் பூட்டாமல் ஊருக்கே திறந்துவிட்டவர்கள் நன்றாக இருக்கட்டும். கிழவன் ஏதோ உளறுகிறான் என்று ஒதுக்காமல் கேட்ட இந்தப் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

ஆனால் கும்பிட்ட கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். அவளை உட்காரச் சொல்லி, திரையில் பட்டியலைக் கீழே தள்ளச் சொன்னார். இன்னும் கீழே, இன்னும் கீழே என்று சொல்லி ஒரு வரியில் விரலை வைத்தார்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி. காலை ஒன்பது பத்து. இருவர் மரணம். காரணம் தெரியவில்லை.

“அன்னைக்குத் திங்கக்கெழம. மூடி வச்சுட்டு வந்தது நான் தாயி. மகளுக்கு மொட்டை போட இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டேன். எனக்குப் பதிலா போயித் தொறந்தவன் முத்துக்கருப்பன். விசாரணையில கேட்டாக. தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”



வரியின் ஓரத்தில், தகவல் தெரிந்தவர்கள் சேர்க்கலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. எழில் அதைத் திறந்து, அவர் சொன்னதை அப்படியே அடித்தாள். கடைசியில் பெயர் கேட்கும் இடத்துக்கு வந்ததும் கை நின்றது.

“பேரு கட்டாயமில்ல பெரியப்பா.”

முனியராஜ் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.